ஒல்லாந்தக் கப்பலில் வந்த ஜெர்மன் பாட்டனாரைத் தேடுவது எப்படி?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. அம்மம்மா கொழும்பில் பிறந்த பறங்கிப் பெண், அதாவது ஐரோப்பியர் வழிவந்த இலங்கைச் சமூகத்தவர். யாழ்ப்பாணத்தவர் ஒருவரைக் கலியாணம் கட்டி நம் பக்கம் வந்தவர். "எங்கட முதல் ஆள் ஜெர்மனியிலிருந்து வந்த கப்டன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது உங்கள் கையில் இருப்பவை ஒரு பழைய பைபிள், இரண்டு மங்கிய படங்கள், ஜெர்மன் வாசனை அடிக்கும் ஒரு குடும்பப் பெயர். கனடாவில் இருந்துகொண்டு அந்த முதல் ஆளின் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். பெரும்பாலும் முடியும் என்றே சொல்வேன். அமெரிக்காவுக்குப் போன ஜெர்மானியரின் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காத ஒரு வசதி இலங்கைக்கு வந்தவரின் வாரிசுகளுக்கு உண்டு. அவரைக் கப்பலேற்றிய கம்பனி கணக்கெழுதுவதில் பைத்தியம் பிடித்த கம்பனி. அந்தக் கணக்கேடுகளில் பெரும்பகுதி இன்றும் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஜெர்மனியில் தொடங்காதீர்கள். எல்லோரும் செய்யும் பிழை இது. குடும்பப் பெயரைத் தூக்கிக்கொண்டுபோய் ஏதாவதொரு வம்சாவளித் தளத்தில் தட்டினால் ஆயிரம் முல்லர்களும் இரண்டாயிரம் ஷ்மிட்களும் வந்து விழுவார்கள். அதில் ஒருவரைப் பிடித்து "இவர்தான் நம் ஆள்" என்று ஒட்டவைத்த குடும்ப மரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெயரே சாட்சியாகாது. கொழும்பில் லயனல் வென்ட் அரங்கைத் தெரியாதவர் இல்லை. வென்ட் என்பது வட ஜெர்மனியில் சகஜமான பெயர்தான். அந்தப் பெயர் உள்ள ஒருவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை அந்தப் பெயர் சொல்லாது. ஊர் தெரியாமல் ஜெர்மனியில் ஒரு பக்கத்தைக்கூடத் திறக்க முடியாது. அங்கே பழைய பிறப்பு இறப்பெல்லாம் ஊர் ஊராகத் தேவாலயங்களில்தான் கிடக்கின்றன.

முதலில் ஒரு விஷயம். அவர் கப்பலேறியபோது ஜெர்மனி என்று ஒரு நாடே இல்லை. 1871இல்தான் அது ஒரே பேரரசாகிறது. அதற்கு முன் வுர்ட்டம்பெர்க், ஹெஸ்ஸன், ஹனோவர், சாக்சனி, பிரஷ்யா என்று சிற்றரசுகளும் சுதந்திர நகரங்களுமாகச் சிதறிக் கிடந்த நிலம். அங்கே போரும் வறுமையும். பக்கத்திலேயே கூலி கொழுத்த ஒல்லாந்து, அதாவது இன்றைய நெதர்லாந்து. ஆம்ஸ்டர்டாமுக்கு நடந்தே வந்த இளைஞர்களில் வேலை கிடைக்காதவர்களை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி எடுத்துக்கொண்டது. 1602 முதல் 1795 வரை அந்தக் கம்பனியின் கப்பல்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் ஆசியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும் பங்கு வெளிநாட்டார், வெளிநாட்டாரில் பெரும்பாலோர் ஜெர்மானியர். படைவீரர்களில் அவர்கள் விகிதம் இன்னும் அதிகம். இலங்கையில் 1736 முதல் 1740 வரை ஆளுநராக இருந்த வான் இம்ஹோஃபை ஒல்லாந்தர் என்றே படித்திருப்போம். அவர் பிறந்த லேர் என்ற ஊர் இன்று ஜெர்மனியில் இருக்கிறது. ஆகவே "பேப்பரில் ஒல்லாந்தர் என்று இருக்கிறது, அம்மம்மா ஜெர்மன் என்றார், எது சரி?" என்று குழம்ப வேண்டாம். இரண்டும் சரியாக இருக்கலாம்.

இனி வேலை. உங்களிலிருந்து பின்னோக்கிப் போங்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு பத்திரம். அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு, அவர்களின் பெற்றோர். இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1860களின் கடைசியில்தான் ஒழுங்காகிறது. அதுவரைக்கும் பதிவாளர் கந்தோர் போதும். (அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது.) அதற்கு முன்னால் போக, தேவாலயப் பதிவேடுகள் வேண்டும். கொழும்பு வட்டாரத்து ஒல்லாந்த சீர்திருத்த சபையின் ஏடுகள் 1677இலிருந்து ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படங்களாக இருக்கின்றன. கணக்கொன்று தொடங்கினால் இலவசம். அம்மம்மாவின் ஆட்கள் இன்னொரு புரட்டஸ்தாந்துப் பிரிவான லூத்தரன் சபையினராக இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இருந்திருக்கலாம். ஆனால் கம்பனியின் அதிகாரபூர்வ சபை சீர்திருத்த சபைதான். ஜெர்மன் லூத்தரன் ஒருவரின் குழந்தைக்கும் ஞானஸ்நானம் அங்கேதான் நடந்தது. கொழும்பில் 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயத்தைத்தான் பலரும் முதலில் தேடிப் போவார்கள். அது பெயர்பெற்ற இடம் என்பதற்காக யாழ்ப்பாணம், காலி, மன்னார் ஏடுகளை விட்டுவிடாதீர்கள்.

இங்கே உங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1908இல் தொடங்கிய இலங்கை ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் பல பத்தாண்டுகளாகக் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டது. சங்கத்தைத் தொடங்கிவைத்த ஆர். ஜி. அந்தோனிஸ் அரசு ஆவணக் காப்பாளராகவும் இருந்தவர். பழைய ஏடுகளை நேரில் புரட்டியவரின் கை அதில் பட்டிருக்கிறது. பல வம்சாவளிகளின் தலையிலும் முதல் ஆளின் பெயர், "இன்ன ஊர், இன்ன ஆண்டு, இன்ன கப்பலில் வந்தார்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள். சங்கத்தில் சேர ஆண்வழியில் ஐரோப்பியக் கம்பனி ஊழியர் ஒருவரின் வாரிசாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதிக்கு வசதியாகத்தான் மரங்களும் வரையப்பட்டன: ஆண்வழி நேராக நிற்கும், பெண்கள் பாதி மறைந்திருப்பார்கள். அப்புறம் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பறங்கியர் பெருந்தொகையாக மெல்பேர்ன் பக்கம் போனபோது, வெள்ளையர் ஆஸ்திரேலியா என்ற கொள்கையின் முன்னால் ஐரோப்பிய வம்சாவளியைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேவை எத்தனை கறுத்த பாட்டிகளை மரத்திலிருந்து வெட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே காரணத்தால் ஒரு லாபமும் உண்டு. அங்கே போன உங்கள் உறவினர் யாரிடமாவது சான்றிதழ்களின் பிரதிகள் ஒரு கோப்பு நிறைய இருக்கும். அம்மம்மாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளைத் தேடிப்பிடித்து ஒரு போன் எடுங்கள். நீங்கள் மாதக்கணக்கில் தேடப்போவது அவர்களின் அலமாரியில் கிடக்கலாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: கப்பல் சம்பள ஏடு.

கம்பனியின் ஆறு கிளைகளும், அதாவது ஆம்ஸ்டர்டாம், சேலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்கௌசன், தாம் அனுப்பிய ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பேரேடு வைத்தன. கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும், தலைவனிலிருந்து எடுபிடிப் பையன் வரை, அதில் தனிக் கணக்கு உண்டு. ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் 1700 முதல் 1794 வரையான இந்த ஏடுகளை அட்டவணைப்படுத்தி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பெயர், ஊர், கப்பல், பதவி, புறப்பட்ட நாள், வேலை முடிந்த நாள், முடிந்த காரணம். செத்தாரா, திரும்பினாரா, ஓடிப்போனாரா என்பதுவரை இருக்கும். பெரும்பாலானவற்றில் மூல ஏட்டின் படத்தையும் திறந்து பார்க்கலாம்.

அட்டவணையோடு நின்றுவிடாதீர்கள், படத்தைத் திறங்கள். எதிரெதிரே இரண்டு பக்கம். தலைப்பில் பெரிய எழுத்தில் பெயர், அடுத்து "வான்" என்று போட்டு ஊர், பிறகு பதவி, மாதச் சம்பளம். சாதாரண வீரன் என்றால் 9 கில்டர் (ஒல்லாந்து நாணயம்). இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. நம் செட்டியார் கணக்கைப் பார்த்தவர்களுக்கு எந்தச் சிரமமும் இராது. பற்றில் முதல் வரி இரண்டு மாத முன்பணம். அதன்கீழே அநேகமாக 150 கில்டர் என்று ஒரு கடன் நிற்கும். அதுதான் சோகக் கதை. ஊரிலிருந்து வெறுங்கையோடு ஆம்ஸ்டர்டாம் வந்தவனை ஒரு விடுதிக்காரி வைத்துச் சோறு போட்டு, சட்டை வாங்கிக்கொடுத்து, கப்பலேற்றிவிடுவாள். அதற்கு ஈடாக அவன் சம்பளத்திலிருந்து 150 கில்டர் வசூலிக்கும் சீட்டு அவள் கைக்குப் போகும். அவள் அதைக் குறைந்த விலைக்கு இன்னொருவனிடம் விற்பாள். இந்தச் சீட்டு வியாபாரிகளுக்கு "ஆன்மா விற்பவர்கள்" என்று ஊரார் பெயர் வைத்திருந்தார்கள். 9 கில்டர் சம்பளக்காரனுக்கு 150 கில்டர் என்பது பதினாறு, பதினேழு மாத உழைப்பு. கொழும்பில் கால் வைக்கும்போதே அவன் கடனாளி. கையில் ஒரு துட்டு இல்லை. துட்டும் ஒல்லாந்த நாணயத்தின் பெயர்தான்.

இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. குடும்பக் கதையில் எல்லோரும் கப்டன்தான். கொஞ்சம் அடக்கமான குடும்பமென்றால் கப்பல் வைத்தியர். ஏட்டைத் திறந்தால் பலரும் 9 கில்டர் வீரர்கள். "பெயருக்கு முன்னால் வான் இருக்கிறது, பிரபு குலம்" என்பதும் அப்படித்தான். ஜெர்மன் மொழியில் ஃபோன் என்பது சில இடங்களில் உயர்குடியைக் குறிக்கும். ஒல்லாந்த வான் வெறுமனே ஊரைக் காட்டுவது, நம் ஊர்களில் "வல்வெட்டித்துறையான்" என்பது போல. உங்கள் கப்டன் வீரனாக இறங்கிப் பின்னால் மெல்ல மெல்லப் பதவி ஏறியிருக்கவும் கூடும். அந்த ஏற்றமும் சம்பள உயர்வாக வரவுப் பக்கத்தில் தெரியும்.

பெற்றோர் பெயர் எப்போதாவதுதான் தெரியவரும். அதுவும் இரண்டு வழிகளில். மனைவிக்கோ தாய்க்கோ ஆண்டுதோறும் மூன்று மாதச் சம்பளம் வரை அனுப்ப எழுதிக்கொடுக்கும் சீட்டு ஒன்று உண்டு. அதை வாங்கியவர் பெயர் பற்றுப் பக்கத்தில் வரும். இன்னொரு தருணம், ஆள் சேவையிலேயே இறந்து மிச்சச் சம்பளம் இருந்தால். ஊரிலிருந்த உறவினர் பாதிரியாரிடம் சான்று வாங்கி, முகவர் மூலம் ஆம்ஸ்டர்டாமில் உரிமை கோருவார்கள். பணம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு கணக்கின் கடைசியில் இருக்கும். ஆனால் உங்களவர் கொழும்பிலேயே குடும்பமாகித் தங்கியவர். 1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடிக்கும்வரை சேவையில் இருந்திருந்தால் கணக்கு அந்தரத்தில் நின்றுபோயிருக்கும். மனம் தளர வேண்டாம், தலைப்பு வரி இருக்கிறதே, ஊர் அதில் உண்டு.

அந்த ஊர்ப் பெயரை எழுதியவன் ஒல்லாந்து எழுத்தன். சொன்னவன் ஏதோ மலைக்கிராமத்துப் பேச்சில் சொன்னான். இவன் தன் காதில் விழுந்ததைத் தன் மொழியில் எழுதினான். ஹைன்ரிக் ஹென்ட்ரிக் ஆவான், வில்ஹெல்ம் வில்லெம் ஆவான், ஷ்னைடர் ஸ்னெய்டர் ஆவான், ஷ்மிட் ஸ்மிட் ஆவான். ஊர்களில் கோல்ன் என்பது கூலன், ஆகன் என்பது ஆக்கன், பிரவுன்ஷ்வைக் என்பது புருன்ஸ்வெய்க், நூர்ன்பெர்க் என்பது நோய்ரன்பெர்க். இதைவிடப் பெரிய வம்பு ஒலி மயக்கம். தென், நடு ஜெர்மன் பேச்சுவழக்குகள் பலவற்றில் வல்லொலி மெல்லொலி வேறுபாடு கரைந்துவிடும். அதனால் ஒரே ஆள் ஓர் ஏட்டில் B என்ற எழுத்திலும் மற்றதில் அதன் ஜோடியான P என்ற எழுத்திலும் தொடங்குவான். ஆங்கிலம் படித்த மூளைக்கு இது வேறு வேறு பெயர். நமக்கு அப்படி இல்லை. பந்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப போட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே தேடும்போது பெயரை மனதுக்குள் தமிழில் எழுதிப் பாருங்கள். க, ட, த, ப ஆகிய நாலும் எத்தனை ஆங்கில எழுத்தாக மாறுமோ அத்தனை விதத்திலும் தட்டிப் பாருங்கள். நான் கண்டுபிடித்தவற்றில் பாதி இப்படிக் கிடைத்தவை. அதுவும் சரிவராவிட்டால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயரையும் கப்பலையும் ஆண்டையும் மட்டும் போட்டுத் தேடுங்கள்.

ஊர் கிடைத்ததும் கொண்டாடிவிடாதீர்கள். நண்பர் ஒருவரின் குடும்பத்துக்காக நான் பார்த்த ஏட்டில் ஊர் "கிர்கெய்ம்" மாதிரி இருந்தது. கிர்ஷ்ஹைம் என்று ஊகிக்க நேரமாகவில்லை. ஆனால் எந்தக் கிர்ஷ்ஹைம்? வுர்ட்டம்பெர்க்கில் டெக் மலையடியில் ஒன்று, நெக்கர் ஆற்றங்கரையில் ஒன்று, மியூனிக் பக்கம் ஒன்று, ஹெஸ்ஸனில் ஒன்று, பலாட்டினேட்டில் கிர்ஷ்ஹைம்போலாண்டன். பெயரின் பொருளே கோயிலூர். நம் நாட்டில் எத்தனை கோயிலூர், எத்தனை புதுக்குடியிருப்பு! இந்த இடத்தில் நான் எப்போதும் செய்வது, அதே கப்பலின் ஏட்டில் முன்னும் பின்னும் சில பக்கங்களைப் புரட்டுவது. இப்படிக் கிளம்பிய பையன்கள் தனியாகக் கிளம்புவது குறைவு. பக்கத்து வீட்டான், பக்கத்து ஊரான் என்று இரண்டு மூன்று பேராக நடந்து வந்து, ஒரே விடுதியில் தங்கி, ஒரே நாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நான்கு பக்கம் தள்ளி இன்னொருவனுக்கும் அதே கிர்கெய்ம் இருந்தது. அவன் பெயரோடு "வுர்ட்டன்பெர்க்" என்று எழுத்தன் கூடுதலாக ஒரு சொல் போட்டிருந்தான். பலாட்டினேட்டும் ஹெஸ்ஸனும் மியூனிக்கும் அந்த ஒரு சொல்லில் கழிந்தன.

ஊர்களைச் சரிபார்க்க மேயர்ஸ் ஊரகராதி என்று 1912-13இல் வெளிவந்த பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. பழைய ஜெர்மன் பேரரசின் குக்கிராமம்வரை பட்டியலிட்டு, அது எந்தத் தேவாலயத்துக்கு உட்பட்டது என்பதற்கும் வழிகாட்டும். இணையத்தில் வரைபடத்தோடு இலவசம். உங்களவர் ஊர் கோனிக்ஸ்பெர்க், டான்சிக், பிரெஸ்லாவ் பக்கம் என்றால் அது இன்று ஜெர்மனியில் இல்லை. ரஷ்யாவிலும் போலந்திலும் இருக்கிறது. ஏடுகளும் பெரும்பாலும் அங்கேதான், தப்பியிருந்தால்.

உங்கள் ஆள் 1700க்கு முன் வந்தவரென்றால் சம்பள ஏடு அநேகமாகக் கிடைக்காது. அப்போது கம்பனி ஆசியாவில் ஆண்டுதோறும் ஜூன் 30 கணக்கில் எடுத்த ஆட்பட்டியல்களைப் பார்க்க வேண்டும். அவையும் 17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டிலிருந்துதான் வரிசையாக உள்ளன. அதிலும் பெயர், ஊர், வந்த கப்பல் இருக்கும். இன்னொரு விதிவிலக்கு 1787இல் புறப்பட்ட வுர்ட்டம்பெர்க் படைப்பிரிவு. கார்ல் ஒய்கன் என்ற கோமகன் பணத்துக்காகத் தன் குடிமக்களில் சுமார் இரண்டாயிரம் பேரைக் கம்பனிக்கு வாடகைக்கு விட்டான். முதலில் தென்னாப்பிரிக்கக் கேப்புக்கும், பிறகு ஜாவாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பப்பட்ட அவர்களில் வீடு திரும்பியவர்கள் மிகக் குறைவு. அவர்களைப் பற்றிய தாள்களுக்கு ஹேக்கை விட ஷ்டுட்கார்ட்டிலுள்ள தலைமை ஆவணக் காப்பகம் நல்ல இடம்.

இனிதான் ஜெர்மனி. சீர்திருத்த, லூத்தரன் ஏடுகளுக்கு ஆர்கியோன் என்ற தளம். காசு கட்ட வேண்டும், ஒரு மாதச் சந்தா எடுத்து லீவில் உட்கார்ந்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கத்தோலிக்க ஏடுகளுக்கு மட்ரிகுலா, இலவசம். இரண்டிலும் எல்லா ஊரும் இல்லை. ஏடுகள் பல இடங்களில் 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கினாலும் 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எரிந்தவை ஏராளம். சில ஊர்களுக்கு ஆர்வலர்கள் மொத்த ஊரின் குடும்பங்களையும் ஒரே நூலாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கணினி வம்சாவளிக்கான ஜெர்மன் சங்கத்தின் தளத்தில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. உங்கள் ஊருக்கு அது இருந்தால் ஒரு மாலையில் ஐந்து தலைமுறை தாண்டலாம்.

இல்லையென்றால் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் எழுத்து முதல் வாரம் மழைக்கோடு மாதிரித்தான் தெரியும். அதில் எ ஒலிக்கான எழுத்தும் ன் ஒலிக்கான எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள். உ எழுத்தைப் பிரித்துக்காட்ட அதன் தலையில் ஒரு வளைகோடு போடுவார்கள். செப்டம்பரை 7 போட்டுச் சுருக்கியிருப்பார்கள், அதை ஜூலை என்று படித்து ஏமாறாதீர்கள்; லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. பெண்ணின் குடும்பப் பெயரில் "இன்" என்ற விகுதி ஒட்டியிருக்கும்: முல்லர் வீட்டு மகள் "முல்லரின்". டிரான்ஸ்கிரிபுஸ் போன்ற மென்பொருள்கள் இப்போது ஓரளவு படித்துத் தருகின்றன. அதை நம்பி விட்டுவிடாமல் சரிபார்க்க மட்டும் வையுங்கள்.

பெயர் விஷயத்தில் இன்னொரு பொறி. ஒரே வீட்டில் நாலு பையன்களுக்கும் முதற்பெயர் யோஹான் என்றே இருக்கும். இரண்டாவது பெயர்தான் கூப்பிடும் பெயர். நான் சொன்ன அந்தக் கிர்ஷ்ஹைம் ஏட்டில் ஏழு வருட இடைவெளிக்குள் ஒரே குடும்பப் பெயரில் இரண்டு யோஹான் ஹைன்ரிக் இருந்தார்கள். ஒருவனின் ஞானஸ்நான வரியின் ஓரத்தில் பின்னாளில் வேறு மையில் ஒரு சிறு சிலுவை. அடக்க ஏட்டைப் பார்த்தால் மூன்று வயதில் செத்திருக்கிறான். மிஞ்சியவனின் தகப்பன் பெயர் கெயோர்க், ஊர்ப் பேச்சில் யோர்க். கொழும்பில் இறங்கிய நம் ஆளின் மூத்த மகனுக்கு ஒல்லாந்தச் சபை ஏட்டில் யூர்கன் என்று பெயர் இருந்தது எனக்கு முன்பே தெரியும். அதுவும் அதே பெயர்தான். தகப்பன் பெயரை மூத்தவனுக்கு வைக்கிற வழக்கம் அங்கேயும் இருந்தது. பெயரன் என்பதுதானே நம் வாயில் பேரன் ஆனது. தாத்தாவின் பெயரைச் சுமப்பவன் என்று. இது ஒன்றே முழு நிரூபணம் ஆகாது. ஊர், வயது, கூட வந்தவன், பேரனின் பெயர் என்று நாலும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு மட்டும் பொருந்தினால் பென்சிலால் எழுதி வையுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எட்டுத் தலைமுறைக்கு முந்திய ஒருவரிடமிருந்து சராசரியாக 256இல் ஒரு பங்குதான் உங்களுக்கு வந்திருக்கும்; சிலவேளை ஒன்றுமே வந்திராது. அதைவிட, மெல்பேர்னில் அந்தக் குடும்பப் பெயரை இன்றும் தாங்கும் ஆண் யாராவது, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைப் பார்க்கும் சோதனைக்குச் சம்மதித்தால் பயன் உண்டு. ஊரைக் கண்டபிறகு அங்கே இருக்கும் அதே குடும்பத்து ஆணோடு ஒப்பிடலாம். முதலிலேயே காசைக் கொட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்த வீரன் தனியாக வந்தான். கப்பலில் மனைவியைக் கூட்டிவர அவன் நிலையில் உள்ளவனுக்கு வழியில்லை. அப்படியானால் அவன் கட்டியது யாரை? இங்கே பிறந்த பெண்ணைத்தான். பெரும்பாலும் போர்த்துக்கேயக் கலப்பில் வந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், அல்லது ஞானஸ்நானம் பெற்ற சிங்களப் பெண், தமிழ்ப் பெண், சிலவேளை விடுதலை பெற்ற அடிமைப் பெண். ஏட்டில் அவளுக்குக் குடும்பப் பெயர் இராது. மரியா, கொழும்பைச் சேர்ந்தவள் என்றோ, அன்னா, "கரை"யைச் சேர்ந்தவள் என்றோ இருக்கும். கரை என்றால் ஒல்லாந்தர் ஏட்டில் சோழமண்டலக் கரை. "மலபார்" என்று கண்டால் கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரையும் அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். நண்பர் குடும்பத்தின் யூர்கனுக்குத் தாய் கரையைச் சேர்ந்த அன்னாதான். சங்கச் சஞ்சிகையில் அச்சான மரத்தில் அவள் இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது.

அவளைத் தொடர்வது கடினம்தான், ஆனால் கதவு முழுக்க அடைத்துக் கிடக்கவில்லை. ஞானஸ்நான வரியில் சாட்சிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் தாய்வழி ஆட்கள். அவர்களின் பெயரைக் குறித்துவைத்துக்கொண்டே போங்கள். கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் காலத்து ஏடுகள் ஏழாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் பள்ளிக்கூடத் தோம்பு, காணித் தோம்பு என்று குடும்பத்தையும் நிலத்தையும் பதிந்தவை உண்டு. நம் உறுதிகளில் "தோம்பில் உள்ளபடி" என்று எழுதுவார்களே, அதே தோம்பு. அதோடு கம்பனிக் கடிதங்களின் சுமார் ஐம்பது லட்சம் பக்கங்களைக் கணினியால் எழுத்தாக்கி குளோபலைஸ் என்ற ஒல்லாந்துத் திட்டம் இணையத்தில் தேடக் கொடுத்திருக்கிறது. ஒரு வழக்கிலோ மனுவிலோ சாட்சியாக அவள் பெயர் தலைகாட்டலாம். ஒல்லாந்து மொழி தெரியாவிட்டாலும் பெயரைத் தட்டிப் பார்க்க மொழி வேண்டியதில்லை.

இந்தக் கிழமை நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மம்மாவின் பெற்றோருடைய திருமணப் பதிவின் பிரதியை எடுப்பியுங்கள். அதில் இரு பக்கத் தகப்பன்மார் பெயரும் தொழிலும் இருக்கும். பைபிளின் முதல் தாளிலும் கடைசித் தாளிலும் ஏதாவது கையால் எழுதியிருந்தால், மங்கலாக இருந்தாலும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பேனா அழுத்தம் அப்போது தெரியும். இரண்டையும் கொண்டுவாருங்கள், எந்தக் கப்பல் என்று சேர்ந்து பார்ப்போம்.